இடைவரம்பு

இந்திராதேவி முளைக்குச்சிகளைப் பிடுங்கிக்கொண்டிருந்தாள். பூவரசந் தடிகளை முழங்கை நீளத்துக்கு வெட்டி, ஒரு முனையைச் சீவி, அவளுடைய வயலுக்குள் வரிசை வரிசையாக அடித்திருந்தார்கள். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் பச்சை நைலோன் கயிறு ஓடியது. ஆட்டுக்குக் குழை ஒடிக்க வந்தவள் குழையை மறந்தே போனாள். நைட்டிக்கு மேல் போட்டிருந்த துவாயை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, ஒவ்வொரு முளையாக ஆட்டி ஆட்டி இழுத்தாள். சித்திரை வெயிலில் நிலம் இறுகிக் கிடந்தது. இலேசில் வராத முளைகளைக் காலால் உதைத்தாள். யார் அடித்தார்கள், எதற்கு அடித்தார்கள் என்று நின்று விசாரிக்கிற பொறுமை அவளுக்குப் பிறவியிலேயே கிடையாது. கயிற்றை முழங்கையில் சுற்றி எடுத்தாள், முளைகளை விறகுக்கட்டாகக் கட்டித் தலையில் வைத்தாள், விறுவிறுவென்று வீட்டுக்கு நடந்தாள். ஒரு தரம் திரும்பிப் பார்த்திருந்தால் பக்கத்து வயல்களிலும் அதே முளைகள் நிற்பதைக் கண்டிருப்பாள். கோபம் வந்தால் அவளுக்குத் தன் வயல் மட்டும்தான் தெரியும்.

குச்சியைக் கண்டால் அவளுக்கு ஏன் அப்படி ஏறியது என்பதற்கு ஒரு காரணம் இருந்தது. முகாமிலிருந்து ஊருக்குத் திரும்பி, முதன்முதலாக இந்த வயலைப் பார்க்கப் போன நாளில் அவளை வரவேற்றவை குச்சிகள்தான். தலையில் சிவப்புப் பூசிய குச்சிகள். உள்ளே மிதிவெடி இருக்கிறது, காலை வைக்காதே என்று அர்த்தம். அவை வெள்ளையாக மாறும்வரை மாதக்கணக்கில் றோட்டில் நின்று தன் காணியை எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பினாள். வெள்ளையானதும் வேறு யாரோ வந்து வேறு குச்சி நட்டார்கள். இது இப்போது காடு, காடென்றால் அரசாங்கத்துடையது என்று ஒரு கந்தோரில் அதிகாரிகள் சொன்னார்கள். காட்டைக் கழற்றி எடுத்து அவளுடைய வயலுக்குள் வைத்தது யார் என்று அவள் கேட்டாள்.  கந்தோர் கந்தோராக அலைந்து, ஊரவர்கள் வந்து சாட்சி சொல்லி, ஒருமாதிரியாகக் காணி கைக்கு வந்தபோது அவளுக்குச் செருப்புத் தேய்ந்து, வாயும் தேய்ந்து போயிருந்தது.

பதினாலு வயதில் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு வள்ளம் ஏறியவள் அவள். அக்கரையில், தமிழ்நாட்டு மண்டபம் முகாமில், கையை நீட்டினால் எதிர்ச்சுவர் முட்டுகிற அறைக்குள் படுத்துக்கொண்டு, துருசடி வயல் துருசடி வயல் என்று சொல்லியே அப்பா மயில்வாகனம் கண்ணை மூடினார். துருசு என்பது குளத்துத் தண்ணீரை வாய்க்காலுக்குத் திறந்துவிடுகிற மடை. அதற்கு நேர் கீழே கிடக்கிற இரண்டரை ஏக்கர்தான் அவருடைய உலகம். ஊர் முழுக்கக் காய்ந்தாலும் எங்கள் வயலுக்குத் தண்ணீர் வரும் என்பார். அப்பா சொல்லிச் சொல்லி அந்த வயலின் ஒவ்வொரு மூலையும் அவளுக்குப் பாடமாகியிருந்தது.

முகாமிலேயே இராசேந்திரத்தைக் கட்டினாள். அவன் முல்லைத்தீவுக் கரையோரத்து ஆள். தமிழ்நாட்டில் வீடுகளுக்குப் பெயின்ற் அடித்துக் குடும்பம் பார்த்தவன். நெல்லையும் புல்லையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துக் கேட்டால் கொஞ்சம் யோசித்துத்தான் சொல்லுவான். மகள் வேணுஜா முகாமில் பிறந்தவள், வாயைத் திறந்தால் இராமநாதபுரம் மணக்கும். இந்த இரண்டு பேரையும் இழுத்துக்கொண்டு, அப்பா சொன்ன வயலை நம்பி, உயிலங்குளத்துக்கும் வங்காலைக்கும் நடுவில் கிடக்கிற இந்த ஊருக்கு அவள் வந்து சேர்ந்தாள்.

வயல் அப்பா சொன்ன மாதிரியே இருந்தது. மழைதான் அப்படி இல்லை. ஐப்பசியில் வரவேண்டிய மழை கார்த்திகை போயும் வராது. வந்தால் ஒரு கிழமைக்குள் கொட்டித் தீர்த்து, விதைத்ததையும் வாரிக்கொண்டு கடலுக்குள் இறங்கிவிடும். அப்படிக் கொட்டியதில் கொஞ்சம்தான் குளத்தில் தங்கும். அந்த வருஷம் இலுப்பையடிக்குளம் பாதிகூட நிறையவில்லை. மாசியில், மாரி மழைக்கு விதைத்த காலபோகம் வெட்டி முடிந்தபோது மாடுகள் குளத்துக்குள் இறங்கி நடந்தே அக்கரைக்கு மேயப் போயின. குளத்துத் தண்ணீரை நம்பிக் கோடையில் சிறுபோகம் ஒன்று விதைக்கலாமா, விதைத்தால் மிஞ்சுமா என்று ஊர் முழுவதும் குளத்தைப் பார்த்துப் பெருமூச்சு விட்டுக்கொண்டிருந்தது. இந்திராதேவிக்கு மட்டும் அந்தக் கவலை இல்லை. அவளுடையது துருசடி வயல்.

பச்சைப் பூவரசு எரியாது என்பது அவளுக்குத் தெரியாததல்ல. ஆனாலும் முளைகளை அடுப்புக்குள் திணித்து, மண்ணெண்ணெய் தெளித்து நெருப்பு வைத்தாள். எரியவில்லை, புகைந்தது. புகை குசினியை நிறைத்து, முற்றத்துக்கு வந்து, வேலிக்கு மேலால் றோட்டுக்கும் போனது. அந்தப் புகைக்குள்ளால்தான் துஷாந்தனின் மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. துஷாந்தன் ஊர் விவசாயிகளின் கமக்கார அமைப்புக்குத் தலைவன், சின்ன வயது, பெரிய அவசரம். அவனுக்குப் பின்னால் சிங்கராசா இறங்கினார். அறுபதைத் தாண்டிய, ஒடிந்து விழுவது போன்ற மனிதர். ஊரில் காணி அளப்பதென்றால் கயிறு பிடிப்பவர் அவர்தான்.

"அம்மா, யாரோ வந்திருக்காங்க," என்றாள் வேணுஜா.

துஷாந்தன் கண்ணைக் கசக்கிக்கொண்டு, "அக்கா, நேற்று முழுக்க வெயிலுக்க நிண்டு அளந்து முளை அடிச்சனாங்கள். உங்கட பக்கத்தில ஒண்டையும் காணேல்ல. ஆரும் பிடுங்கினதைக் கண்டனீங்களோ?" என்று கேட்டான்.

"கண்டனான். நான்தான் பிடுங்கினனான். அடுப்புக்குள்ள கிடக்கு, வேணுமெண்டால் போய்ப் பாருங்கோ. என்ர காணிக்குள்ள ஆரைக் கேட்டு அடிச்சனீங்கள்?"

"கூட்டத்தில எல்லாரும் சேர்ந்து எடுத்த முடிவு அக்கா. அண்ணையும் வந்திருந்தவர். கை உயர்த்தினவர்."

அண்ணை என்றது இராசேந்திரத்தை. அவன் கிணற்றடியில் தலைக்குச் சவர்க்காரம் போட்டபடி நின்றான். போன ஞாயிற்றுக்கிழமை கூட்டத்துக்குப் போனவன் அவன்தான். மகளைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கிற அலுவலாக அவள் மன்னாருக்குப் போயிருந்தாள்.

"நீங்கள் கை உயர்த்தினனீங்களோ?" என்று அவனைக் கேட்டாள் இந்திராதேவி.

"எல்லாரும் உயர்த்திச்சினம். நானும் உயர்த்தினனான்."

"எதுக்கெண்டு?"

நுரைக்குள்ளால் ஒரு கண்ணைத் திறந்து இராசேந்திரம் சொன்னான்: "ஆளை எண்ணுகினம் எண்டு நினைச்சன்."

முகாமில் அப்படித்தான். மாதம் ஒரு நாள் அதிகாரிகள் வந்து வரிசையில் நிற்கவைத்து எண்ணுவார்கள். கை உயர்த்தாதவனுக்கு அந்த மாதத்து அரிசி இல்லை. கை உயர்த்தச் சொன்னால் எதற்கென்று கேட்காமல் உயர்த்துவதுதான் இருபது வருஷத்துப் பழக்கம். கூட்டத்தில் கையை உயர்த்தி எண்ணப்பட்டபின், அரிசி எப்போது தருவார்கள் என்று அவன் கொஞ்ச நேரம் காத்தும் இருந்தான். அதை அவன் யாருக்கும் சொல்லவில்லை. இந்திராதேவிக்கு அவனைத் திட்ட வாய் வரவில்லை. அவளும் அதே வரிசையில் நின்றவள்தானே.

சிங்கராசா புகைக்கு இருமியபடி முற்றத்துக் கதிரையில் உட்கார்ந்தார். வேணுஜா கொடுத்த தண்ணீரைக் குடித்துவிட்டு, மெதுவாகக் கதைத்தார். "இஞ்ச பார் பிள்ளை. குளத்தில கிடக்கிற தண்ணி ஊர் வயல் முழுக்கப் பாயாது. எல்லாரும் விதைச்சால் எல்லாற்ற பயிரும் கதிர் வாற நேரம் காயும். அதால துருசடியில மட்டும் விதைக்கிறது. அதை ஊருக்கே பங்கு பிரிக்கிறது. காணி கூடினவனுக்குக் கூட, குறைஞ்சவனுக்குக் குறைய. உனக்கும் அதுக்க ஒரு பங்கு கிடக்கு. வெட்டி எடுத்தாப்பிறகு காணி காணிக்காரருக்கு."

"என்ர காணிக்குள்ள எனக்கு ஒரு பங்கோ?"

"ஓம்."

"திரும்பித் தருவியளெண்டு ஆர் எழுதித் தாறது?"

சிங்கராசா துஷாந்தனைப் பார்த்தார். துஷாந்தன் வேலியைப் பார்த்தான். "இதுக்கு ஆரும் எழுதிறேல்ல, பிள்ளை," என்றார் அவர். "மழை ஒழுங்காப் பெய்த காலத்தில எப்பவாவது ஒருக்காத்தான் இப்பிடிப் பிரிக்கிறது. உன்ர அப்பாவும் குடுத்தவர். நானே அதுக்க விதைச்சனான், எழுபத்தைஞ்சிலயோ ஆறிலயோ."

அது அவளுக்குச் சுரீரென்றது. மூலை மூலையாக வயலைப் பாடம் சொன்ன அப்பா இதை மட்டும் சொல்லவே இல்லை. ஏன் சொல்லவில்லை? இந்த மனுஷன் பொய் சொல்கிறாரா, அல்லது சொல்வதற்கு ஒன்றுமில்லாத சின்ன விஷயமாக அப்பாவுக்கு அது இருந்ததா? இரண்டில் எது என்று அவளுக்குப் பிடிபடவில்லை. சாட்சி சொல்ல வந்தவர்களில் சிங்கராசாவும் ஒருவர் என்பது நினைவுக்கு வந்தது. நல்லவர்தான். ஆனால் நல்லவர்களும் காணி விஷயத்தில் எப்படி மாறுவார்கள் என்று அவள் கண்ணால் கண்டிருக்கிறாள்.

"தரேலாது," என்றாள்.

துஷாந்தன் வாயைத் திறக்க, சிங்கராசா கையைக் காட்டி அவனை அடக்கினார். "சரி பிள்ளை. தராட்டிலும் பரவாயில்லை. என்ர வயலை ஒருக்கா வந்து பாத்திட்டுச் சொல்லு."

ஏன் அவருக்குப் பின்னால் நடந்தாள் என்று அவளுக்கே தெரியாது. வாய்க்காலோடு போகப் போக வயல்கள் தாழ்ந்துகொண்டே போயின. மேற்கே புல் மட்டும் முளைக்கிற தரவை வெளி, அதற்கப்பால் கடல்நீர் தேங்குகிற வங்காலைப் பக்கத்துக் களப்பு, அதற்கப்பால் கடல். சண்டைக் காலத்தில் உவர்நீரைத் தடுக்கிற அணை உடைந்தது. பிறகு மண் போட்டு அடைத்தார்கள். ஆனால் இப்போதெல்லாம் கடல் முந்தி வராத இடத்துக்கெல்லாம் வருகிறது, அடைத்ததற்கு மேலாலும் வருகிறது என்று நடந்துகொண்டே சிங்கராசா சொன்னார். யாரையும் குற்றம் சொல்கிற குரலில் அவர் சொல்லவில்லை. அவருடைய வயலின் வரம்பில் வந்து நின்றார்கள். இரண்டு ஏக்கர் இருக்கும். நடுவில் மண் வெள்ளைவெளேரென்று பூத்துக் கிடந்தது. ஓரங்களில் நெல் நிற்கவேண்டிய இடத்தில் உப்பு மண்ணில் வளர்கிற உமரிச்செடி சிவப்பாகப் படர்ந்திருந்தது. இந்திராதேவி செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே இறங்கினாள். குதிக்கால் வெடிப்பில் உப்பு ஏறி எரிந்தது.

"ரெண்டு காலபோகம் விதைச்சுப் பாத்தன்," என்றார் சிங்கராசா. "விதைநெல்லும் திரும்பி வரேல்ல. நல்ல மழை பெய்தால் உப்பைக் கழுவிக்கொண்டு போகும். பெய்யிறது அப்பிடிப் பெய்யுதில்லையே. ஐப்பசியில திரும்ப இதுக்கதான் விதைக்கவேணும், வேற எங்க போறது? சிறுபோகத்துக்கு எண்டாலும் துருசடியில ஒரு பங்கு வருமெண்டு பாத்தன். அவ்வளவுதான்."

திரும்பி வரும் வழியில் அவள் குளக்கட்டில் ஏறிப் பார்த்தாள். தண்ணீர் நடுவில் சுருங்கிக் கிடந்தது. தாமரைக் கொடிகள் சேற்றில் செத்துப் படுத்திருந்தன. காற்று ஒவ்வொரு நாளும் அதில் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்துக்கொண்டு போனது. ஊர் முழுவதும் தன் ஒருத்தியின் ஒரு சொல்லுக்காகக் காத்துக்கொண்டிருக்கிறது என்பது அவளுக்கு உறைத்தது. இரங்காமல் இருக்க அவளால் முடியவில்லை. நம்பவும் முடியவில்லை.

"முளையை நானே வெட்டித் தாறன்," என்று மட்டும் சொன்னாள்.

துருசு திறந்த நாளில் ஊர் அவளுடைய வயலுக்குள் இறங்கியது. கயிறு பிடித்த இடங்களில் மண்ணைக் கொத்தி அணைத்து இடைவரம்புகள் போட்டார்கள். ஒரே வீச்சில் கிடந்த வயல் பாய் பாயாகப் பிரிந்தது. அவளுக்குக் கிடைத்த பங்கு அரை ஏக்கருக்கும் குறைவு. தன் காணிக்குள் போவதற்கு இன்னொருவருடைய பங்கின் வரம்பில் நடக்கவேண்டியிருந்தது. நடக்கும்போது, "கவனம் அக்கா, புது வரம்பு, உடைச்சுப்போடாதேங்கோ," என்று யாரோ ஒரு பெண் சொன்னாள். என் காணியில் எப்படி நடப்பதென்று இவள் எனக்குச் சொல்கிறாள் என்று இந்திராதேவி மனதுக்குள் கறுவினாள். ஆனால் பயிர் பச்சையாக வந்தது. தண்ணீர் முறை வைத்துப் பாய்ந்தது. முறை தப்பி ஒருவர் வாய்க்காலை வெட்டினார் என்ற சண்டை ஒன்றே ஒன்றுதான் வந்தது. அதுவும் இராசேந்திரம் தெரியாமல் வெட்டியது. ஊர் அவனைக் கேலி பண்ணிச் சிரித்து மன்னித்தது.

எல்லாம் சரியாகத்தான் போனது, சிங்கராசா கொட்டில் போடும்வரைக்கும். பயிர் உள்ளுக்குள் கதிர் கட்டுகிற குடலைப் பருவத்துக்கு வந்தபோது காட்டுப்பன்றி வரத் தொடங்கியது. காவலுக்கென்று சிங்கராசா தன் பங்கின் தலைமாட்டில் நாலு கம்பு நட்டுத் தென்னோலைக் கிடுகு வேய்ந்தார். இந்திராதேவி அதைப் பொறுத்துக்கொண்டாள். அடுத்த நாள் சாக்குக்கட்டில் வந்தது. அதற்கடுத்த நாள் பானையும் அடுப்புக்கல்லும் வந்தன. பிறகு ஒரு நாள் காலையில் பார்த்தால், முன்கம்பில் திருக்கேதீஸ்வரத்துச் சாமிப்படம் தொங்கியது. 

"சாமிப்படம் கொழுவின மனுஷன் எழும்பிப் போவாரோ?" என்று இராசேந்திரத்திடம் கேட்டாள்.

"முருகன் படம் நாங்களும்தான் முகாமில கொழுவினனாங்கள். எழும்பி வரேல்லையோ?"

"அது முகாம். இது காணி. கொஞ்ச நாள் இருந்தவனுக்கே காணி எண்டு சொல்லுகினம். ஆரும் வந்து கேக்க, அவர் நான் இஞ்சதான் இருக்கிறன் எண்டு சொன்னால் நாங்கள் என்ன செய்யிறது? கையில காணி உறுதிப் பத்திரமும் இல்லை."

 அவள் சொல்வது இராசேந்திரத்துக்குப் பைத்தியக்காரத்தனமாகப் படவில்லை. இரண்டு பேரும் வாழ்ந்த காலத்தில் எடுத்தவர்கள்தான் இருந்தார்கள், திருப்பித் தந்தவர்கள் இல்லை. அந்தக் கிழமை முழுவதும் அவள் கண்ணுக்குள் எண்ணெய் விட்டுக்கொண்டு கொட்டிலைப் பார்த்தாள். அலுமாரி ஒன்றுதான் இன்னும் வரவில்லை என்று எரிச்சலோடு நினைத்தாள்.

கடைசியில் பொறுக்கமாட்டாமல் ஒரு பின்னேரம் நேரே போய்க் கேட்டே விட்டாள். சிங்கராசா கொட்டிலுக்கு வெளியே குந்தியிருந்து தேங்காய்ச் சம்பலுக்கு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.

"ஐயா, பன்றி இரவிலதானே வருது. பகலிலயும் ஏன் இஞ்ச கிடக்கிறியள்? வீட்டை போய்ப் படுக்கலாமே."

அவர் வெங்காயத்திலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னார்: "வீட்டை நித்திரை வராது, பிள்ளை. என்ர வீட்டு வாசல் அந்த உப்பு வயலைப் பாத்துத்தான் இருக்கு. நிலவில வெள்ளையாத் தெரியும். கதவைப் பூட்டிப்போட்டுப் படுத்தாலும் தெரியிற மாதிரித்தான். இஞ்ச நெல்லு மணக்குது. படுத்த உடன நித்திரை வருது."

இதைக் கேட்கவா வந்தோம் என்று இந்திராதேவிக்கு ஆகிவிட்டது.  அப்போதுதான் இன்னொன்றையும் கவனித்தாள். கொட்டில் அவருடைய பங்கின் மூலையில் நின்றாலும், அவர் பன்றியை வெருட்டக் கட்டிய, தகரப்பேணிகள் கலகலக்கிற கயிறு அவளுடைய பங்கையும் சுற்றிப் போயிருந்தது. மற்றவர்களுடையதையும் சுற்றித்தான். வீட்டுக்கு வந்து, அவித்த மரவள்ளிக்கிழங்கில் கொஞ்சத்தை வேணுஜாவிடம் கொடுத்து அனுப்பினாள். ஆனாலும் பயம் போகவில்லை. இரக்கம் ஒரு பக்கம், பயம் மறுபக்கம் என்று அவளைப் போட்டு வாட்டியது. இரக்கப்பட்டவளுடைய காணிதான் முதலில் போகும் என்று ஒரு குரல் உள்ளே சொல்லிக்கொண்டே இருந்தது.

ஆவணியில் வெட்டினார்கள். மெசின் இறக்கினால் ஒருவருடைய நெல் மற்றவருடைய மூட்டைக்குள் போய்விடும் என்று, எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு அரிவாளால் வெட்டினார்கள். அவளுக்கு வந்த நெல் வருஷச் சாப்பாட்டுக்குக் காணாது, ஆனால் தை மாதம்வரை தாக்குப்பிடிக்கும். குளத்தில் கடைசியாகக் கிடந்த தண்ணீரில் ஆடுமாடுகள் குடிக்க மட்டும் மிஞ்சியது. எல்லோருக்கும் கொஞ்சம் கொஞ்சம் வந்தது, ஒருவருக்கும் காயவில்லை. ஊர் ஒரு பெரிய மூச்சு விட்டது.

அதன்பிறகு ஒருவரும் வயல் பக்கம் வரவில்லை. வைக்கோலையும் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். இடைவரம்புகள் அப்படியே கிடந்தன, கொட்டில் அப்படியே நின்றது. சாமிப்படமும் தொங்கியது. ஒரு கிழமை போனது, இரண்டு கிழமை போனது. கேட்கலாம்தான். ஆனால் கேட்டால் இல்லை என்று ஒரு பதில் வந்துவிடுமோ என்று பயந்து அவள் கேட்கவில்லை. கடையில் துஷாந்தனைக் கண்டபோதும் சீனி மட்டும் வாங்கிக்கொண்டு திரும்பினாள். அவன் கோயில் திருவிழா அலுவலில் ஓடிக்கொண்டிருந்தான்.

திருவிழா முடிந்த அடுத்த நாள் காலையில் அவள் முற்றம் கூட்டிக்கொண்டிருந்தபோது வயல் பக்கமிருந்து மண்வெட்டிச் சத்தம் கேட்டது. ஒன்றல்ல, பல. தும்புத்தடி கையிலிருந்து நழுவியது. "அத்திவாரம் வெட்டுறாங்கள்!" என்று கத்தினாள். இராசேந்திரம் சாரத்தைப் பிடித்துக்கொண்டு எழும்புவதற்குள் அவள் படலையைத் தாண்டிவிட்டாள்.  போயிற்று, எல்லாம் போயிற்று, அப்பா, உங்கள் வயலை நானே கையால் தூக்கிக் கொடுத்துவிட்டேன் என்று அழுதுகொண்டே ஓடினாள்.

பாதி ஊர் வயலுக்குள் நின்றது. ஒவ்வொருவரும் தங்கள் தங்கள் இடைவரம்பை வெட்டி, மண்ணை இரண்டு பக்கமும் இழுத்துப் பரப்பிக்கொண்டிருந்தார்கள். அன்றைக்கு அவளை வரம்பில் கவனமாக நடக்கச் சொன்ன பெண், அதே வரம்பைக் காலால் மிதித்துச் சமப்படுத்திக்கொண்டிருந்தாள். சிங்கராசா கொட்டிலைப் பிரித்துக் கிடுகுகளை அடுக்கிக்கொண்டிருந்தார். சாமிப்படத்தைத் துவாயில் சுற்றிச் சைக்கிளின் கூடைக்குள் வைத்திருந்தார்.

மூச்சிரைக்க வந்து நின்றவளைப் பார்த்துத் துஷாந்தன் சிரித்தான். "என்னக்கா, ஓடி வாறியள்? எல்லாரும் சேர்ந்து வந்தால்தான் வெட்டிறது. திருவிழாவால சுணங்கிப் போச்சு. குறை நினைக்காதேங்கோ."

 இருபத்திரண்டு வருஷத்தில் அவளிடமிருந்து எடுத்த எதையும் யாரும் தாங்களாக வந்து திருப்பித் தந்ததில்லை. கேட்டு, கெஞ்சி, வரிசையில் நின்று, விரலடையாளம் வைத்துத்தான் ஏதோ கொஞ்சம் கைக்கு வரும். இங்கே ஒரு எழுத்தில்லை, ஒரு கேள்வியில்லை. காலைச் சாப்பாட்டுக்கு முந்திச் செய்கிற ஒரு வேலையைப் போல, பகிடி கதைத்துச் சிரித்துக்கொண்டே செய்கிறார்கள். அப்பா ஏன் சொல்லவில்லை என்பது அவளுக்கு அப்போது விளங்கியது. முகத்தைத் துவாயால் பொத்திக்கொண்டு விம்மினாள். எல்லோரும் அவளைப் பார்க்காதவர்கள் மாதிரி மண்ணை வெட்டினார்கள்.

"அக்கா, உங்கட பங்கின்ர வரம்பு நீங்கள்தான் வெட்டவேணும்," என்று கொஞ்ச நேரம் கழித்துத் துஷாந்தன் மண்வெட்டியை நீட்டினான். அவள் மூக்கைத் துடைத்துவிட்டு வாங்கினாள். தான் போட்ட வரம்பைத் தானே வெட்டினாள். பின்னால் ஓடிவந்த இராசேந்திரமும் சேர்ந்து மண்ணை இழுத்தான். வெட்ட வெட்ட, வயல் மூலைக்கு மூலை அப்பா சொன்ன மாதிரி விரிந்துகொண்டு வந்தது. 

மற்றவர்கள் மண்வெட்டிகளைக் கழுவிக்கொண்டு கிளம்பினார்கள். வயலுக்குள் ஒரே ஒரு இடைவரம்பு மிஞ்சிக் கிடந்தது. அது சிங்கராசாவுடையது. கொட்டில் பிரிக்கிற வேலையில் அவர் பிந்திவிட்டார். கிடுகுக்கட்டைச் சைக்கிளில் வைத்துவிட்டு, மண்வெட்டியைத் தோளில் போட்டுக்கொண்டு அவர் வந்தபோது, இந்திராதேவி அந்த வரம்பில் உட்கார்ந்திருந்தாள்.

"எழும்பு பிள்ளை. இதையும் வெட்டிவிட்டால் சரி."

"கால் நோகுது," என்றாள் அவள்.

 வெயில் ஏறியது. வாய்க்கால் கரையிலிருந்து இராசேந்திரம், "இஞ்சேரப்பா, எழும்பன், ஐயா வெட்டிப்போட்டுப் போகட்டும்," என்று கத்தினான். அவளுக்கு அது கேட்ட மாதிரித் தெரியவில்லை.

"ஐப்பசியில எங்க விதைக்கப்போறியள்?" என்று கேட்டாள்.

"வேற எங்க? அதுக்கதான்," என்று மேற்குப் பக்கம் கிடந்த தன் உப்பு வயலை நாடியால் காட்டினார் சிங்கராசா.

இந்திராதேவி துவாயை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டு, கால் இரண்டையும் நீட்டி, இன்னும் வசதியாக உட்கார்ந்தாள். சிங்கராசா மண்வெட்டியைத் தோளிலிருந்து இறக்கினார். அதன் பிடியில் கையூன்றியபடி அவளைப் பார்த்தார், வரம்பைப் பார்த்தார், மறுபடி அவளைப் பார்த்தார். அவள் எழும்புவதாக இல்லை. பிறகு அவர் மண்வெட்டியை நிலத்தில் மெல்லச் சாய்த்து வைத்துவிட்டு, வரம்பைக் கடந்து போய், தன் பங்குப் பக்கமாகத் திரும்பி, அவளுக்கு முதுகு காட்டி அதே வரம்பில் குந்தினார்.